ஆவி பிடிக்கிற ஸ்டீமர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தொட்டிக்குள் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையில் இருக்கிற என் திருத்தும் கடைக்கு வருகிற சாமான்கள் மாறிவிடும். மேசை ஃபேன் குறையும், ஆவி பிடிக்கிற ஸ்டீமர் கூடும். தடிமன், மூக்கடைப்பு, பீனிசம் என்று பாமசியில் ஒன்றை வாங்கிப் போவார்கள். கொஞ்ச நாளில் அதையே பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். திறந்து பார்த்தால் பலவற்றில் பழுதே இருக்காது. வீட்டில் ஊற்றுகிற தண்ணீரும் வாங்கிய சாமானும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இன்னும் சில உண்மையிலேயே ஆபத்தானவை, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் போகவே கூடாதவை. இந்த இரண்டையும் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆவி பிடிப்பது நமக்குப் புதிதில்லை. சித்த வைத்தியம் சொல்லும் 32 புற மருந்துகளில் வேது, அதாவது ஆவி பிடிப்பதும் ஒன்று. அம்மம்மா காலத்தில் நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்த பானை, மேலே ஒரு போர்வை. அது தருகிற சுகம் உண்மையானது. சூடான ஈரக் காற்று போனால் அடைத்த மூக்கு கொஞ்ச நேரத்துக்கு இளகும், தொண்டை வறட்சி குறையும். ஆனால் ஆவி கிருமியைக் கொல்லாது, காய்ச்சலை மாற்றாது. கடையில் யாராவது "இது வைரஸை அழிக்கும்" என்று சொல்லி விற்றால் அந்தப் பேச்சுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பிறகு ஏன் பானை போதாது என்றால், பானைதான் சுடுகிறது. பிள்ளை காலை உதறும், பானை சரியும், மடி முழுக்க வெந்நீர். 2020இல் கோவிட் பயத்தில் எல்லோரும் ஆவி பிடித்த நாட்களில், இங்கிலாந்தில் பர்மிங்காம் சிறுவர் மருத்துவமனையின் மருத்துவர்கள், இப்படி வெந்து வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டதாக எழுதி எச்சரித்தார்கள். நல்ல ஸ்டீமரில் தண்ணீர் குறைவு, மூடி பூட்டிக்கொள்ளும், சரிந்தாலும் கொட்டுவது கொஞ்சம். வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான். அப்படியென்றால் சரிந்தவுடன் மூடி கழன்று விழுகிற ஸ்டீமரை வாங்குவதில் பொருளே இல்லை.

சரி, கடைக்குப் போகிறீர்கள். பெட்டியில் இருக்கிற படத்தையும், எத்தனை முகமூடி இலவசம் என்பதையும் விட்டுவிடுங்கள். சாமானை வெளியே எடுத்து மூடியைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். நீங்கள் காண்பது இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது வகையில், மூடியோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் தண்ணீருக்குள் இறங்கும். அதற்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு தகடு நிற்கும். சூடாக்குகிற கம்பி எதுவும் கிடையாது. இந்தத் தகட்டிலிருந்து அந்தத் தகட்டுக்குத் தண்ணீர் வழியாகவே கறண்ட் பாய்கிறது, அதில் தண்ணீர் கொதிக்கிறது. செய்வதற்குச் செலவு குறைவு, அதனால் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது வகையில் தொட்டியின் அடியில் ஒரு உலோகத் தட்டு இருக்கும். சூடாக்கும் பகுதி அதற்குக் கீழே மறைவாக இருக்கும். தண்ணீருக்கும் கறண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விலை கொஞ்சம் கூட.

முதல் வகையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பிளக் சொருகி இருக்கும்வரை அந்தத் தண்ணீர் திறந்து கிடக்கிற வயரைப் போல. 230 வோல்ட். ஆவியில் கறண்ட் வராது, தண்ணீரில் இருக்கிறது. ஆவி குறைகிறதே என்று பிளக்கைக் கழற்றாமல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது, சூடு பார்க்க விரலை வைப்பது எல்லாம் உயிருக்கு ஆபத்து. இந்த வகைக்கும் ஒரு நல்ல குணம் இருக்கிறது: தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கியதும் சுற்று அறுந்து தானாகவே நின்றுவிடும், எரிந்து போகாது. அதை மறைக்க மாட்டேன். தனியாக இருக்கிற, கவனமான ஒருவர் பாவிக்கலாம். பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிற வீடு என்றால் என் பதில் எப்போதும் தட்டு வகைதான்.

இனித் தண்ணீர். நம் கரையோரத்தில் அதிகம் பிழை நடப்பது இந்த இடத்தில்தான்.

மருதமுனையிலிருந்து ஒரு ராத்தா புதுச் சாமானோடு வந்தார். "தம்பி, நேத்துத்தான் வாங்கின. ஆவி வருதே இல்ல."

"என்ன தண்ணி ஊத்தினீங்க ராத்தா?"

"போத்தல் தண்ணிதான். சுத்தமா இருக்கட்டும் எண்டு."

இரண்டு தகட்டு வகை. அதே போத்தல் தண்ணீரை ஊற்றிப் பிளக்கைச் சொருகினேன். அசைவே இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி சொருகினேன். முதலில் தகட்டைச் சுற்றி ஊசி முனை அளவுக் குமிழிகள், பிறகு குழாய்க்குள் ஒரு இரைச்சல், அப்புறம் மூக்குக் குழாயில் ஆவி நேராக எழும்பியது. சாமானில் குறை இல்லை. ஆர்ஓ தண்ணீர், சில போத்தல் தண்ணீர், மழைத் தண்ணீர் இவற்றில் கரைந்த உப்பு மிகக் குறைவு. உப்பு இல்லாவிட்டால் கறண்ட் பாயாது, கறண்ட் பாயாவிட்டால் சூடு இல்லை.

இதற்கு நேர் எதிரானது கடலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக் கிணறு. தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. அதை இதே வகையில் ஊற்றினால் கறண்ட் அளவுக்கு மேல் இழுக்கும். தண்ணீர் குமுறிக்கொண்டு கொதிக்கும், ஆவியோடு கொதிநீர்த் துளிகள் தெறிக்கும், சில வீடுகளில் பிரேக்கரே விழும். தகடும் சீக்கிரம் அரித்துப்போகும். ஆக, இரண்டு தகட்டு வகையில் தண்ணீரை நீங்கள்தான் அளந்து சரிக்கட்ட வேண்டும். நோயோடு மூக்கடைத்துப் போய் இருக்கிற ராத்திரியில் அந்த வேலை யாருக்கும் ஓடாது.

தட்டு வகை எந்தத் தண்ணீரிலும் கொதிக்கும். அதற்கு நல்லது ஆர்ஓ தண்ணீர், போத்தல் தண்ணீர், அல்லது கொதிக்க வைத்து ஆறித் தெளிந்த பைப் தண்ணீர். உப்புப் போடவே கூடாது. கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்தால் தட்டின் மேல் வெள்ளையாக ஒரு படை கட்டும். தொடக்கத்தில் தூள் மாதிரி இருப்பது நாளடைவில் ஓடாக இறுகிவிடும். சூடு தண்ணீருக்கு ஏறாமல் கீழேயே தங்கும், அதனால் வெட்டி நிறுத்தும் சுவிச் முன்கூட்டியே விழும். "கொஞ்ச நேரம் ஓடுது, பிறகு நிக்குது" என்று கொண்டுவருவதில் பலது இதுதான். வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றி அரை மணி நேரம் விட்டு, துணியால் துடைத்தால் வந்துவிடும். தேசிக்காய்ச் சாறும் உதவும். கத்தியால் சுரண்டாதீர்கள். மேற்பூச்சு போனால் அந்த இடத்தில் துரு பிடிக்கும்.

வாட் கணக்கையும் பார்த்துவிடுவோம். சாமானின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 400 வாட் சாமான் ஒன்று 200 மில்லிலீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுக்கும். கொதித்த பிறகு நிமிடத்துக்குப் பத்து மில்லிலீட்டர் அளவில் ஆவியாகும். பத்து நிமிடம் பிடித்தால் 100 மில்லிலீட்டர் போகும். ஆகவே 50 மில்லிலீட்டர் மட்டும் கொள்ளுகிற சின்னச் சாமான் ஐந்து நிமிடத்துக்குள் வற்றிவிடும், நடுவில் எழும்பித் தண்ணீர் ஊற்ற வேண்டும். 200க்குக் குறையாமல் பாருங்கள். 800 வாட் என்றால் சீக்கிரம் கொதிக்கும்தான், ஆனால் ஆவி இரட்டிப்பு வேகத்தில் முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு 300 முதல் 500 வாட் போதும். கறண்ட் பில் கவலை வேண்டாம்: 400 வாட் சாமானைக் கால் மணி நேரம் ஓடவிட்டால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான்.

கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் பல்பைக்கூட எரியவிட்டுத்தானே தருவார்கள், இதற்கும் மறுக்கமாட்டார்கள். ஆவி வந்ததும் மூக்குக் குழாயிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு பத்திரிகைத் தாளைப் பிடியுங்கள். தாள் ஒரே சீராக ஈரித்தால் நல்லது. பொட்டுப் பொட்டாக நனைந்தால் அது கொதிநீரைத் துப்புகிறது என்று அர்த்தம். குழாயின் உள்ளே தெறிப்பைத் தடுக்கிற மடிப்பு இல்லாத சாமான்கள் இப்படித்தான். அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றி, பிளக் இல்லாமல், மூடியைப் பூட்டிச் சரித்துப் பாருங்கள். குழாய் வழியாகக் கொஞ்சம் ஒழுகும், அது பரவாயில்லை. மூடியே கழன்றால் வேண்டாம். அடி அகலமாக, மேல் ஒடுங்கியிருப்பது நிலையாக நிற்கும். நெடுத்து மெலிந்த அழகான வடிவங்கள் வயர் இழுபட்டாலே விழும்.

தட்டு வகையில் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: தண்ணீர் வற்றினால் தானாக நிற்குமா? "ஓம்" என்று சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே, உத்தரவாத அட்டை கையில் இருக்கும்போதே, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் ஊற்றிப் பக்கத்திலேயே நின்று ஓடவிடுங்கள். வற்றியதும் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்டு நிற்க வேண்டும். சத்தமும் வரவில்லை, பிளாஸ்டிக் தீய்கிற மணம் வருகிறது என்றால் உடனே பிளக்கைக் கழற்றி, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

வயரும் பிளக்கும். வெளி உடல் பிளாஸ்டிக் என்றால் இரண்டு பின் இருந்தாலும் சமாளிக்கலாம். எவர்சில்வர் உடல் என்றால் மூன்று பின்னும் ஏர்த்தும் கட்டாயம், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். இந்தியாவிலிருந்து வருவது வட்டப் பின்னோடு வரும். நம் சுவரில் இருப்பது சதுரப் பின் 13 அம்பியர் என்றால், தொளதொளவென்று ஆடுகிற அடாப்டரில் செருகிப் பாவிக்கிறார்கள். உப்புக் காற்றில் அந்தப் பின் பச்சை பிடித்து, சூடேறிக் கருகும். நல்ல 13 அம்பியர் பிளக் ஒன்றை மாட்டி உள்ளே 3 அம்பியர் பியூஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள். 700 வாட் வரை அது தாங்கும். எந்த மின்வேலை செய்கிறவரும் செய்து தருவார். கறண்ட் கசிந்தால் தானாக விழுகிற வீட்டு ட்ரிப் சுவிச்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அமுக்கினால் விழ வேண்டும். விழாத ட்ரிப் சுவிச் உள்ள வீட்டில் ஸ்டீமர் மட்டுமில்லை, தண்ணீர் மோட்டரும் ஆபத்துத்தான்.

மூலிகைக்கு வருவோம், பலருக்கு ஸ்டீமரே இதற்காகத்தான். ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் போகக்கூடாது. இலை போனால் குழாய் அடைக்கும், நுரைத்துப் பொங்கும். எண்ணெய் போனால் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும், ரப்பர் வளையம் ஊதிவிடும். பாம் போத்தலிலிருந்து ஒரு விரல் எடுத்துத் தொட்டிக்குள் போடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்துங்கள். பாம் உடம்பில் பூசுவதற்குச் செய்தது, கொதிக்க வைப்பதற்கு இல்லை.

இலை இருக்க வேண்டிய இடம் ஆவி வெளியேறுகிற வழி. சில சாமான்களில் குழாய்க்கு மேல் ஓட்டை போட்ட ஒரு சின்னக் கிண்ணம் வரும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு முகமூடி கூடக் கிடைப்பதைவிட அது பெறுமதி. உலர்ந்த நொச்சி இலையை உள்ளங்கையில் கசக்கி, கிண்ணத்தில் தளர்வாகப் போடுங்கள். அமுக்கி நிரப்பாதீர்கள், ஆவிக்கு வழி அடைபட்டால் மூடி தெறிக்கும். இலையைச் சுட வைக்கத் தேவையே இல்லை. யூக்கலிப்டஸில் இருக்கிற சினியோல் என்ற வாசனைப் பொருள் தனியாகக் கொதிக்க 176 பாகை வேண்டும், ஆனால் நீராவியோடு சேர்ந்தால் 100 பாகைக்குள்ளேயே கிளம்பி வந்துவிடும். யூக்கலிப்டஸ் எண்ணெய் வடிக்கிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இணையத்தில் வேப்பரைசர் என்று தேடினால் பேனா மாதிரி ஒரு சாமான் வரும். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த இலையை 160 முதல் 220 பாகை வரை சூடாக்கி உறிஞ்சுவது. வெளிநாட்டில் அது கஞ்சாவுக்குத்தான் அதிகம் பாவிக்கப்படுகிறது, இங்கே கஞ்சா வைத்திருப்பதே குற்றம். தடிமனுக்கு நொச்சி பிடிக்க நினைக்கிறவருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. நெபுலைசரும் வேறு. அது முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு டொக்டர் எழுதித் தரும் மருந்தைக் குளிர்ந்த தூவலாக உள்ளே அனுப்புவது. அதற்குள் மூலிகைத் தண்ணீரை ஊற்றினால் நுரையீரலுக்கே கேடு. சில கடைகளில் மூன்றையும் ஒரே அலுமாரியில் வைத்து "ஸ்டீமர்" என்றே சொல்வார்கள், அதனால் என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

நொச்சி எங்கே பறிப்பது என்பதும் முக்கியம். வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தாராளமாக நிற்கும், ஆனால் களைநாசினியும் பூச்சிமருந்தும் அடிக்கிற இடம் அது. வேளாண்மைக் காலத்தில் அங்கே பறிக்காதீர்கள். வீட்டு வேலியில் ஒரு கொப்பு ஊன்றினால் பிடித்துவிடும். மாரி இறங்குவதற்கு முன், வெயில் நாட்களில் பறித்துக் கழுவி, சுளகில் பரப்பி நிழலில் காய விடுங்கள். நேர் வெயிலில் வாசம் பறந்துவிடும். காம்பு வளையாமல் முறிகிற பதம் வந்ததும் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி வையுங்கள். துளசியும் தேசி இலையும் இதே மாதிரிதான். மழைக் காலத்தில் போத்தலைத் திறக்கும்போது முகர்ந்து பாருங்கள். பூஞ்சண மணம் கொஞ்சம் அடித்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த இலையின் காற்றை மூக்குக்குள் இழுக்க வேண்டியதில்லை.

யாருக்கு வேண்டாம் என்பதையும் கடையில் வைத்தே யோசித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், மடியில் வைத்துப் பிடிப்பதும் வேண்டாம். முட்டு உள்ள சிலருக்குச் சூடான ஆவியும் மூலிகை வாசமும் இழுப்பைக் கூட்டிவிடும். கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள், மூக்கால் ரத்தம் வருகிறவர்கள், கர்ப்பிணிகள் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். மற்றவர்களும் முகத்தை ஒரு அடி தள்ளி வைத்து, கண்ணை மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம். சுடுகிறது என்று தோன்றினால் தள்ளிப் போங்கள். பொறுத்துக்கொண்டு பிடித்தால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. போர்வை வேண்டாம். ஸ்டீமரைக் கட்டிலில் வைக்காமல் மேசையில் வைத்து, வயர் நடைபாதையில் குறுக்கே கிடக்காமல் சுவரோரமாக விடுங்கள்.

முகமூடி ஆளுக்கு ஒன்று இருக்கட்டும், சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். பிடித்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொட்டித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். நேற்றைய தண்ணீரை அப்படியே விட்டு இன்றைக்கு மறுபடி கொதிக்க வைக்கிறவர்களின் சாமான்தான் என் மேசைக்கு முதலில் வருகிறது.